நாற்பது நிமிடம்

"நேற்று இரவு நன்றாகத் தூங்கினாயா?"
வில்னியுஸ் பயிற்சிக்கூட வாசலில்
தினமும் கேட்கிறான் வைதோதஸ்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும்.
எந்த நேற்று என்று திருப்பிக் கேட்டால்
தாளில் பேனா நிற்கும் சத்தம்.

இரண்டு வயதில் என் கண்களை எடுத்துவிட்டார்கள்.
புற்று. வேறு வழியில்லை என்றாராம் டாக்டர்.
இப்போதிருப்பவை அக்ரிலிக். நீலமாம்.
வெளிச்சம் வரும் வாசலை அடைத்தால்
பொழுதும் உள்ளே வராது என்று
அன்று யாரும் சொல்லவில்லை.

ஆக, என் உடம்புக்கு ஒரு நாள் என்பது
இருபத்துநான்கு மணியும் நாற்பது நிமிடமும்.
திங்கள் இரவு பதினொன்றுக்கு வந்த தூக்கம்
செவ்வாய் பதினொன்று நாற்பதுக்கு வரும்.
வெள்ளிக்கு அது நள்ளிரவைத் தாண்டிவிடும்.
பதினெட்டாம் நாள்
காலை பதினொன்றுக்கு,
பயிற்சிக்கு நடுவில்,
தரையில் கிடக்கும் என்மேல் வந்து படுக்கும்.
முப்பத்தாறு நாளைக்கு ஒருமுறை
என் இரவும் ஊரின் இரவும்
ட்ராலிபஸ் நிறுத்தத்தில் தற்செயலாய்ச் சந்தித்து
நலம் விசாரித்துவிட்டுப் பிரியும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று
பக்கத்து வீட்டில் அலுத்துக்கொள்வார்கள்.
சிரிக்காமலிருக்க
கறுப்பு ரொட்டியை வாயில் அடைத்துக்கொள்வேன்.

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது என்பார்கள்.
எனக்குச் சுழற்றக் கண் கிடையாது,
இடுப்பைப் பிடிக்கிறது.
கோல்பாலில் பந்துக்குள் மணி இருக்கும்,
ஒன்றேகால் கிலோ.
அது வரும் பக்கம்
முழு உடம்பையும் கதவுபோல் சாத்த வேண்டும்.
தூங்காத வாரங்களில்
மணி முதலில் வரும், கதவு பிறகு.
இந்தப் பருவத்தில் மூன்று சளி, ஒரு விலா எலும்பு,
இடது இடுப்பில் ஆறாத கன்றல்.
மாத்திரை ஆறு வாரம் கேட்டது.
பிறகு ஒரு விமானப் பயணம்,
அதுவும் வழி தவறிவிட்டது.

மிங்கைலேவுக்குக் கொஞ்சம் தெரியும்,
எண்ணெய்த்தாள் வழியே பார்ப்பதுபோல்
விளக்கு மட்டும்.
அந்தத் துளி வெளிச்சம் போதும்,
பத்து மணிக்குக் கொட்டாவி,
ஆறு மணிக்குப் பசி.
களத்தில் எங்கள் மூவர் கண்ணிலும்
ஒரே பஞ்சு, ஒரே பட்டை, ஒரே கறுப்புத் திரை.
நடுவர் விரலால் தடவிப் பார்த்து
இருட்டு எல்லோருக்கும் சமம் என்று சான்று தருவார்.
படுக்கைக்கு நடுவர் இல்லை.

மால்மோவில் அரையிறுதி காலை ஒன்பதுக்கு.
எனக்கு அது பின்னிரவு இரண்டு.
ஆட்டம் சமன்.
எட்டு நொடி மிச்சம்.
அரங்கம் மூச்சைப் பிடித்திருந்தது.
வலது பக்கம் சலங்கைபோல் ஒரு கிலுக்கு,
பிறகு கோட்டின் கயிற்றில் என் விரல்,
பிறகு வலையில் பந்து.

"கேட்கவில்லையா?" என்றார் பயிற்சியாளர்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
கேட்டது.
தெளிவாகக் கேட்டது.
கேட்ட இடத்தில்தான் நான் இல்லை.

அன்றிரவு விடுதியில்
மிங்கைலேவின் மூச்சு சீராய்ப் போய்வருகிறது,
அவளுக்கென்றே கட்டிய தண்டவாளத்தில்.
பேசும் கடிகாரத்தைத் தலையணைக்கடியில் அழுத்துகிறேன்.
இரண்டு பதினைந்து.
இப்போதுதான் எனக்குள் பொழுது விடிகிறது.
கால் துறுதுறுக்கிறது, காது கத்தியாயிருக்கிறது,
குழாயில் திரளும் நீர்
சொட்டுவதற்கு முன்பே கேட்கிறது.

பையிலிருந்து பந்தை எடுக்கிறேன்,
மணி சிணுங்காமல் துண்டில் சுற்றி.
கம்பளத்தில் பக்கவாட்டில் படுத்து
கை நீட்டி, கால் நீட்டி
கதவாகிறேன்.
யாராவது எறியுங்களேன்,
இப்போது.

காலையில் வைதோதஸ் எண் கேட்பான்.
ஏழு என்று சொல்லிவைப்பேன்.